தோழர் பெயரால் ஓர் ஓட்டம்

நூறு யார் ஓட்டத்தைக் காண்பவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அம்மூச்சை விடுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. மரதன் ஓட்டத்தைக் காண்பவனோ, 26 மைலுக்கு அப்பாலும் ஒரு மனிதன் ஓடக்கூடுமோ என்று ஐயுறுகிறான். ஆனால் அந்த 26 மைலும் கடந்த பின்னர், வழியிற் பாதிகூட முடியவில்லை என்பதை அறிந்தும், தளராது ஓடிக்கொண்டிருப்போர் உளர். அவர்களுட் பெரும்பாலோர் பரிசு பெறப்போவதில்லை. பத்திரிகையிலே பெயர் வரப்போவதுமில்லை. விடியுமுன் புறப்பட்டுப் பொழுது சாயும் வேளையிலே புண்பட்ட கால்களோடு வந்து சேரப்போகின்றனர். இவர்கள் எதை நாடி ஓடுகின்றனர்?

இவ்வினாவை வெறும் ஏட்டறிவினால் ஆராய்வதிலும் ஒரு சாலையின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வது நன்று. அச்சாலை தென்னாபிரிக்காவிலே, நேட்டால் நாட்டிலே, பீற்றர்மாரிற்ஸ்பேர்க் நகரையும் டேர்பன் துறைமுகத்தையும் இணைக்கும் சாலை. அதன் நீளம் ஏறத்தாழ 55 மைல். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 88 கிலோமீற்றர். உலகில் ஆண்டுதோறும் நடைபெறும் இத்தகைய ஓட்டங்களுள் மிகப் பழையதும் மிகப் பெரியதுமான கொம்ரேட்ஸ் மரதன் 1921 ஆம் ஆண்டு தொடக்கம் இச்சாலையிலேயே நடைபெற்று வருகின்றது. கொம்ரேட்ஸ் என்பதற்குத் தோழர்கள் என்பது பொருள்.

இவ்விரு நகரங்களின் பெயரும் தமிழ் மக்களுக்குப் புதியனவல்ல. 1860 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16 ஆந் திகதி, சென்னையிலிருந்து சென்ற துறூரோ என்னுங் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது டேர்பன் துறையிலேதான். கரும்புத் தோட்டங்களிலே உழைத்து அம்மண்ணிலே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் அத்துறையிலே கால் வைத்தவர்களே. 1893 ஆம் ஆண்டிலே காந்தியடிகள் முதல் வகுப்புச் சீட்டை வைத்திருந்தும், நிறங் காரணமாகப் புகையிரதத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டது பீற்றர்மாரிற்ஸ்பேர்க் நிலையத்திலே. ஆகவே, அந்த வழியிலே யார் செல்லலாம், எந்த வகுப்பிலே செல்லலாம் என்னும் வினா, அங்கு ஓட்டப்பந்தயம் ஒன்று தோன்றுவதற்கு முன்னரே எழுந்துவிட்டது. அவ்வினாவுக்கு ஓட்டக்காரர் அளித்த விடைதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி.

இவ்வோட்டத்தைத் தொடக்கியவர் பெருஞ் செல்வரல்லர். புகையிரத இயந்திரத்தைச் செலுத்திய தொழிலாளி. விக் கிளப்பம் என்பது அவர் பெயர். இங்கிலாந்திலே பிறந்து, இளமையிலேயே தென்னாபிரிக்கா வந்தவர். முதலாம் உலக மகாயுத்தம் மூண்டபோது அவர் காலாட்படையிலே சேர்ந்தார். கிழக்காபிரிக்காவிலே ஜேர்மன் தளபதி லெற்றோ வோர்பெக்கின் படையைத் துரத்திச் சென்ற சேனையிலே ஒருவராகக் காட்டிலும் வனாந்தரத்திலும் நடந்தார். அவர் நடந்த தூரம் 1,700 மைல் எனக் கூறுவர். அந்நெடுவழியிலே குண்டு பட்டு மடிந்தவர்களிலும் காய்ச்சலாலும் பசியாலும் களைப்பாலும் மடிந்தவர்களே அதிகம்.

யுத்தம் முடிந்தது. மாண்ட தோழர்களுக்கு எங்கும் கல்லிலே நினைவுச் சின்னங்கள் எழுந்தன. கிளப்பம் வேறொன்றை எண்ணினார். நடந்து துன்புற்றவர்களை நினைப்பதற்கு நிற்கும் கல் போதாது. அத்துன்பத்திலே ஒரு சிறு பங்கையேனும் தம் உடம்பிலே ஏற்று, வழியைக் கடந்து காட்டுவதே தக்க நினைவு என்பது அவர் கருத்து. இலண்டனிலிருந்து பிரைற்றன் வரை நடைபெறும் நடைப்போட்டியைப் பற்றியும் அவர் அறிந்திருந்தார். எனவே, பீற்றர்மாரிற்ஸ்பேர்க்கிலிருந்து டேர்பனுக்கு ஓர் ஓட்டம் நடத்த இசைவு தருமாறு மகாயுத்தத் தோழர் கழகத்தை வேண்டினார். உடம்பு தாங்காது என்று கழகம் மறுத்தது. மேசையருகே அமர்ந்து தொழில் செய்தவர்களைப் படையிற் சேர்த்து, சுமையோடு ஆபிரிக்காவின் குறுக்கே நடத்த முடிந்ததானால், பயின்ற வீரர் 55 மைல் ஓடுவதற்கு என்ன தடை என்று அவர் வாதாடினார். ஆண்டுதோறும் கேட்டார், ஆண்டுதோறும் மறுக்கப்பட்டார். ஈற்றில் 1921 இல் கழகம் இணங்கியது. செலவுக்கென ஒரு பவுண் முன்பணமும் கொடுத்தது. அதையுந் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை.

1921 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆந் திகதி, பீற்றர்மாரிற்ஸ்பேர்க் நகர மண்டபத்தின் முன்னே 34 பேர் ஓட்டத்தைத் தொடங்கினர். கால எல்லை 12 மணித்தியாலம். டேர்பனை அடைந்தவர்கள் 16 பேர். பில் றோவன் என்பவர் 8 மணி 59 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு ஓட்டம் டேர்பனிலிருந்து புறப்பட்டு மேல்நோக்கிச் சென்றது. ஓராண்டு மலையேற்றம், மற்றோராண்டு மலையிறக்கம் என்ற வழக்கம் அன்று தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தம் நடந்த 1941 முதல் 1945 வரையும், கொள்ளைநோய் பரவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளிலும் மாத்திரமே ஓட்டம் நின்றது.

இச்சாலையின் கடுமையை அதன் நீளம் ஒன்றினால் மாத்திரம் அளவிட முடியாது. டேர்பன் கடல் மட்டத்திலுள்ளது. பீற்றர்மாரிற்ஸ்பேர்க் அதற்கு மேல் ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்திலுள்ளது. இடைவழி அதனினும் உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் உயர்கின்றது. கௌவீஸ், பீல்ட்ஸ், போதாஸ், இஞ்சாங்கா, பொலி ஷோர்ட்ஸ் என்னும் ஐந்து குன்றுகளின் பெயரை ஓட்டக்காரர் ஐவரும் பகைவர் என்பது போலச் சொல்வர். மேல்நோக்கி ஓடும் ஆண்டிலே, நகரம் கண்ணுக்கு எட்டப்போகிறது என்று மனம் மகிழும் வேளையில், பொலி ஷோர்ட்ஸ் குன்று குறுக்கே எழுந்து நிற்கிறது. அதனிடம் தோற்று நடந்தே ஏறாதவர் மிகச் சிலர்.

உடம்பின் உள்ளே நடப்பதையும் அறிதல் வேண்டும். மனிதனுடைய தசையும் ஈரலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து, ஏறக்குறைய 20 மைல் ஓடும்போதே வற்றத் தொடங்கிவிடுகின்றது. அதன்பின் உடம்பு கொழுப்பை எரித்தே இயங்கவேண்டும். கொழுப்போ மெல்ல எரிவது. ஆகவே வேகம் குன்றுகின்றது, கால் கனக்கின்றது, சிந்தை மங்குகின்றது. மலையிறக்கம் எளிதென்று எண்ணுவோர் ஏமாறுவர். இறங்கும்போது தொடைத் தசைகள் ஒவ்வோரடியிலும் உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. பல்லாயிரம் முறை அவ்வாறு தடுத்த தசையின் நுண்ணிய இழைகள் அறுகின்றன. மறுநாட் காலையிலே படியிறங்க இயலாது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாக இறங்கும் ஓட்டக்காரரைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பதுண்டு. நீர் குடியாமை ஆபத்து என்பதை யாவரும் அறிவர். அளவிறந்து குடித்தலும் ஆபத்து என்பது இச்சாலையின் ஓட்டக்காரரையும் ஆராய்ந்ததனாலேயே தெளிவாயிற்று. நீர் மிகுந்து இரத்தத்திலுள்ள உப்பின் செறிவு குறைந்தால் அறிவு மயங்கி உயிருக்கே தீங்கு நேரும் என்பதைத் தென்னாபிரிக்க மருத்துவ அறிஞர் திமத்தி நோக்சும் அவர்தம் துணைவரும் 1985 இல் எழுதி வெளியிட்டனர்.

இத்துணை இன்னலையும் விரும்பி ஏற்கச் செய்வது யாது? தொடக்க காலத்துப் பெருவீரரான ஆதர் நியூற்றனுடைய கதை இதற்கு ஒரு விடை தருகின்றது. அவர் நேட்டாலிலே பண்ணை வைத்திருந்தவர். நிலங்களை இனவாரியாகப் பிரித்த அரசாங்கத்தின் கொள்கையினால் தம் பண்ணை பயனற்றுப் போயிற்று என்றும், தமக்கு நட்டஈடு தரவேண்டும் என்றும் முறையிட்டார். கேட்பாரில்லை. விளையாட்டு வீரனுடைய பெயரை ஊரார் அறிவர். ஊரறிந்தவன் முறையீட்டை அரசாங்கமும் கேட்கும் என்று எண்ணிய அவர், 1922 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஓடப் பயிலலானார். அப்பொழுது அவருக்கு வயது 38. ஐந்து மாதங்கூடச் செல்லவில்லை. அவ்வாண்டு மே மாதத்திலே கொம்ரேட்ஸ் ஓட்டத்தில் வெற்றி பெற்றார். மறு ஆண்டு 6 மணி 56 நிமிடத்தில் டேர்பனை அடைந்து, முதலாம் ஆண்டின் காலத்தை இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகக் குறைத்தார். 1922, 1923, 1924, 1925, 1927 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வெற்றி அவருடையதே.

அவர் கேட்ட நட்டஈடு கிடைக்கவில்லை. நிலத்தை விட்டு ரொடீசியாவுக்குச் சென்றார். ஆயினும், நியாயந் தேடி ஓடத் தொடங்கியவர் பின்னர் ஓட்டத்துக்காகவே ஓடினார். விரைவாகச் சிறிது தூரம் ஓடிப் பயில்வதைவிட, மெதுவாக நெடுந்தூரம் நாள்தோறும் ஓடிப் பயில்வதே சிறந்தது என்று அவர் கண்டறிந்த முறை, பின்வந்தோர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. சாலையின் நடுப்பகுதியிலே, டிறமண்ட் என்னும் ஊரருகே, மேட்டிலே குடையப்பட்ட ஒரு சிறு இருக்கை இருக்கின்றது. நியூற்றன் இளைப்பாறிய இடம் அதுவென்பர். இன்றும் ஓட்டக்காரர் அவ்விடத்தைக் கடக்கும்போது ஒரு பூவை வைத்து அவருக்கு வணக்கஞ் சொல்லிச் செல்கின்றனர். அவ்வாறு செய்தால் மீதிவழி நன்றாக அமையும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நியூற்றனுக்குச் சாலை திறந்திருந்தது. எல்லாருக்கும் அது திறந்திருக்கவில்லை. தோழர் என்று பெயரிட்ட அவ்வோட்டத்தின் விதிகள், வெள்ளைநிற ஆடவரை மாத்திரமே ஏற்றுக்கொண்டன. கிளப்பம் நடந்த அதே கிழக்காபிரிக்கப் போரிலே, படைகளின் சுமையைத் தலையிலுந் தோளிலும் தாங்கிய பல்லாயிரம் ஆபிரிக்கர் வழியிலேயே மாண்டனர். அந்த நடையின் பாரத்தை மிகுதியாகச் சுமந்தவர்கள் அவர்களே. ஆனால், அந்நடையை நினைவுகூரும் ஓட்டத்திலே அவர்கள் இனத்தவருக்கு இடமில்லை. பெண்களுக்கும் இடமில்லை, டேர்பனிலே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் இடமில்லை.

1923 ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் ஹேவட் என்னும் பெண்மணி தம் பெயரைப் பதியுமாறு கேட்டார். அவர் டேர்பனிலே தட்டெழுத்தாளராகத் தொழில் பார்த்தவர். பெயர் மறுக்கப்பட்டது. அவர் பெயரின்றியே ஓடினார். 11 மணி 35 நிமிடத்தில் டேர்பனை அடைந்தார். அக்கால எல்லையாகிய 12 மணித்தியாலத்துக்கு உள்ளேயே வந்துவிட்டார். பதக்கம் வழங்கப்படவில்லை. வழியிற் கண்டு வியந்த மக்களே பணஞ் சேர்த்து, வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களை அவருக்குப் பரிசளித்தனர்.

1935 இல் றொபேட் எம்ற்சாலி என்னும் ஆபிரிக்கர் அவ்வாறே பெயரின்றி ஓடினார். அவர் எடுத்துக்கொண்ட காலம் 9 மணி 30 நிமிடம். அப்போதைய எல்லை 11 மணித்தியாலம். ஆகவே எல்லைக்கு ஒன்றரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தார். ஆயினும் முடிவுப் பட்டியலிலே அவர் பெயர் ஏறவில்லை. ஐந்து குன்றுகளும் ஹேவட் அம்மையாருக்காகத் தாழவுமில்லை, எம்ற்சாலிக்காக உயரவுமில்லை. சாலை எல்லாரையும் ஒரேயளவிற் சோதித்தது. வேறுபாடு காட்டியது பட்டியல் எழுதிய கை. அந்த ஓட்டத்தின் பெயரை உண்மையாக்கியவர்கள் அதன் விதிகளை எழுதியவர்களல்லர். விதிக்குப் புறம்பாக ஓடியவர்களே.

இவ்வோட்டத்துக்கென ஒரு தனிவழக்கம் உண்டு. ஓட்டக்காரர் எவ்வளவு நேரத்தில் ஓடவேண்டும் என்னும் எல்லை முடியும் கணத்திலே துப்பாக்கி வெடிக்கும். வெடிப்பவர், வந்துகொண்டிருக்கும் ஓட்டக்காரரைப் பாராது, அவர்களுக்கு முதுகு காட்டி நிற்பார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் தோன்றும். இரக்கம் தோன்றினால் கை தயங்கும் என்பதாற் போலும். வெடியோசைக்கு ஒரு விநாடி பிந்தியவருக்கும் பதக்கமில்லை. ஆதலால், முதல்வர் வந்து பல மணித்தியாலம் சென்ற பின்னரும் மக்கள் கலைந்து போவதில்லை. கடைசி நிமிடங்களிலேதான் கூட்டம் ஆரவாரிக்கின்றது. காலோய்ந்த ஒருவரை முன்பின் அறியாத இருவர் தோள்கொடுத்துத் தாங்கி வரும் காட்சியை அப்பொழுது காணலாம். தாங்குவோர் தம் நேரத்தை இழக்கின்றனர், அதைப் பொருட்படுத்துவதில்லை. தேர் நிலைக்கு வரும்போது வடம் பிடித்தவர் எல்லாருக்கும் உண்டாகும் களிப்பு அங்கே உண்டாகின்றது.

நெடுந்தூர ஓட்டத்தின் கவர்ச்சி இங்கேதான் இருக்கின்றது. குறுந்தூர ஓட்டத்திலே அடுத்தவன் பகைவன். அவன் பிந்தினாலன்றி இவன் முந்த முடியாது. 55 மைல் ஓட்டத்திலே பகை வழியும் பொழுதுமே. அடுத்தவனும் அதே பகையோடு போராடுகிறான். எனவே அவன் தோழனாகிவிடுகிறான். நாற்பதாவது மைலிலே ஓடுபவனுக்குத் தன் நிறமோ தொழிலோ செல்வமோ துணைவருவதில்லை. அருகே கேட்கும் காலடியோசை ஒன்றே துணை.

இந்த உண்மை விதியாக எழுதப்படுவதற்கு 54 ஆண்டு சென்றது. 1975 இலேதான் எல்லா இனத்தவரும் பெண்களும் முறைப்படி ஓட அனுமதிக்கப்பட்டனர். அவ்வாண்டு லெசோதோ நாட்டவரான வின்சென்ற் றக்கபேலே இருபதாவது இடத்தைப் பெற்று, முறைப்படி பதக்கம் அடைந்த முதல் ஆபிரிக்கரானார். எலிசபெத் கவானா பட்டியலிலே பெயர் பொறிக்கப்பெற்ற முதற் பெண்மணியானார். ஆயினும் நாட்டின் சட்டங்கள் மாறவில்லை. 1981 ஆம் ஆண்டு ஓட்டத்தைத் தென்னாபிரிக்கக் குடியரசின் இருபதாம் ஆண்டு விழாவோடு இணைத்தபோது, இனவொதுக்கலை ஆளும் கொள்கையாகக் கொண்ட அரசின் விழாவிலே தமக்குப் பங்கில்லை எனச் சில ஓட்டக்காரர் கையிலே கறுப்புப் பட்டி அணிந்து ஓடினர். அவர்களுள் ஒருவர் புரூஸ் போர்டைஸ். கூட்டத்திற் சிலர் அவர்மீது தக்காளிப்பழம் எறிந்தனர். அவர் அன்று முதல்வராக வந்தார். பின்னர் மொத்தம் ஒன்பது முறை வெற்றி பெற்றார்.

1989 ஆம் ஆண்டு ஓட்டம் இரு காட்சிகளை உலகுக்குக் காட்டியது. முதலாவது, சாமுவேல் ற்சபலாலா வெற்றி பெற்ற காட்சி. கொம்ரேட்ஸ் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 55 மைலிலும் எல்லாரையும் முந்திய அவருக்கு, அன்று தம் நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இருக்கவில்லை. அவ்வுரிமை அவருடைய மக்களுக்கு 1994 இலேதான் கிட்டியது.

இரண்டாவது காட்சி அதற்குப் பல மணித்தியாலம் பிந்தியது. வொலி ஹேவட் என்பவர் 1930 இல் தமது 21 ஆவது வயதில் இவ்வோட்டத்தை வென்றவர். 20 ஆண்டு கழித்துத் திரும்பி வந்து மேலும் நான்கு முறை வென்றவர். 1988 இல் 79 வயதிலே மீண்டும் ஓடி, 9 மணி 44 நிமிடத்தில் முடித்தார். மறு ஆண்டு, 80 வயதிலே, இன்னொரு முறை புறப்பட்டார். இம்முறை உடம்பு ஒத்துழைக்கவில்லை. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்க, தள்ளாடித் தள்ளாடி வந்து எல்லைக் கோட்டைக் கடந்தார். எல்லை 11 மணித்தியாலம். அவருக்குச் சென்ற நேரம் 10 மணி 58 நிமிடம் 3 விநாடி. துப்பாக்கி வெடிப்பதற்கு இரண்டு நிமிடமும் முழுதாக இருக்கவில்லை. ஒரே நாளிலே, ஒரே சாலையிலே, அதுகாறும் முந்த விடப்படாதவர் முந்தி வந்தார். முன்னர் எல்லாரையும் முந்தியவர் கடைசி வரிசையிலே வந்தார். இருவரையும் அந்தச் சாலை ஒருங்கே ஏற்றுக்கொண்டது.

கால எல்லை 2003 முதல் மீண்டும் 12 மணித்தியாலமாக்கப்பட்டது. 34 பேரோடு தொடங்கிய ஓட்டத்தை 2010 இல் 14,000 பேருக்கு மேற்பட்டோர் ஓடி முடித்தனர். ஓடி முடிக்கும் நேரத்துக்கேற்பப் பதக்கங்கள் வகுக்கப்பட்டுள்ளன. 9 மணித்தியாலத்துக்குள் வருவோருக்குரிய பதக்கங்களுள் ஒன்று, முதலாம் ஆண்டு வென்ற பில் றோவன் பெயரைத் தாங்குகின்றது. பதினொராம் மணிக்கும் பன்னிரண்டாம் மணிக்கும் இடையே, எல்லாருக்கும் பின்னே வருவோருக்குரிய பதக்கத்துக்கு ஓட்டத்தைத் தோற்றுவித்த கிளப்பத்தின் பெயர். வழியிலே வருந்தியவர்களை மறவாதவருக்கு அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

ஒன்பதாம் மணிக்கும் பத்தாம் மணிக்கும் இடையே வருவோருக்கு 2019 ஆம் ஆண்டு முதல் ஒரு புதிய பதக்கம் வழங்கப்படுகின்றது. அதன் பெயர் றொபேட் எம்ற்சாலி பதக்கம். 1935 இல் 9 மணி 30 நிமிடம் ஓடி, பதக்கமும் பெறாது, பட்டியலிலும் இடம்பெறாது வீடு திரும்பிய மனிதருடைய பெயரை, இன்று ஆயிரக்கணக்கானோர் தம் கழுத்திலே அணிந்து செல்கின்றனர்.